மல்பெரிக் கட்டை

ஆரணியில் பிறந்தவனுக்கு மல்பெரி என்றால் பட்டுதான். இலையைப் புழு தின்னும். புழு கட்டிய கூடு நூலாகும். நூல் எங்கள் தெருத் தறியில் சேலையாகும். அந்த மரத்தின் கட்டைக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பது சென்னைக்குப் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. விடுதியில் அடுத்த அறை நண்பன் தன் ஹாக்கி மட்டையை நீட்டி, "தூக்கிப் பார், மல்பெரி!" என்றான். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

சென்னை ஹாக்கியின் பழங்கதையைக் கிளறினால், வேடிக்கையாக, ஒரு கிரிக்கெட் கிளப்தான் அகப்படுகிறது. 1846-இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்ட சென்னை கிரிக்கெட் கிளப் அது. சேப்பாக்கத்தில் அவர்கள் மண்டபத்தில் சாப்பிட, ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்ததாம். அந்த ரோஷத்தில்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார் என்பார்கள். கதை முழுதும் நிஜமோ என்னவோ, ரோஷம் நிஜம், கிளப்பும் நிஜம்.

அதே வெள்ளைக்காரக் கிளப் 1901-இல் ஒரு ஹாக்கிப் பந்தயத்தைத் தொடங்கியது. கல்கத்தாவில் பெய்ட்டன் கோப்பை பிறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தொடங்கியவர்களின் ராஜ்யம் 1947-இல் போய்விட்டது, பந்தயம் போகவில்லை. பின்னால் அது எம்.சி.சி.-முருகப்பா தங்கக் கோப்பை என்று பெயர் பெற்று, சேப்பாக்கத்தை விட்டு எழும்பூர் மைதானத்துக்கு வந்தது.

மட்டைக்கும் பிரிவினை உண்டு, தெரியுமா? சியால்கோட்டில் மல்பெரியை வளைத்துப் பிரம்புப் பிடி பொருத்திய தொழிலாளிகளில் பலர், அந்த 1947-இல் உளியோடு ஜலந்தருக்கு வந்து மறுபடி பட்டறை போட்டார்கள். 1928 முதல் 1956 வரை நாம் வரிசையாக வென்ற ஆறு ஒலிம்பிக் தங்கமும் புல்தரையில் வென்றவை. 1976-இல் மாண்ட்ரியாலில் செயற்கைத் தரை விரித்தார்கள். நமக்கு ஏழாம் இடம். கட்டாந்தரையில் பழகிய பையன் அந்த வேகத்துக்கு எங்கே போவான்? 1980-இல் மாஸ்கோவில், பல நாடுகள் வராத ஒலிம்பிக்கில், தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். அப்புறம் மட்டையும் மாறிவிட்டது. இப்போது பெரிய ஆட்டங்களில் கார்பன் இழைதான்.

நண்பனின் மட்டை என்னிடமே தங்கிவிட்டது. ஊருக்குக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு, கட்டையைத் தடவிப் பார்த்துக் கேட்டார்:

"மரத்தை இப்படி வெட்டிப்பிட்டா, புழு எதைடா திங்கும்?"