தறிச் சத்தமும் பத்து ராகங்களும்

அருப்புக்கோட்டைத் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? எந்த வீட்டுப் பக்கம் திரும்பினாலும் 'டக்கு டக்கு, டக்கு டக்கு' என்று விசைத்தறிச் சத்தம். திருச்சுழி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்க் கரிசலுக்குள் இறங்கினால்தான் அது காதை விட்டு அகலும். அங்கேயும் பொங்கல் சாட்டிவிட்டால் மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். 1986-ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' பாட்டுகள் வந்தபோது அந்தக் குழாய்களில் தறி மாதிரியே பிசகாமல் ஓடும் ஒரு புதுத் தாளம் கேட்டது. 'கம்ப்யூட்டர் மியூசிக்ப்பா!' என்று சனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதற்கும் நாலு வருஷம் முந்தி, 1982-ல், மும்பையில் ஒருவர் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்து முடித்திருந்தார். பெயர் சரண்ஜித் சிங். இந்திப் படங்களுக்கு கிட்டாரும் கீபோர்டும் வாசித்த, டைட்டிலில் பெயர் வராத கலைஞர். ஊரே டிஸ்கோ பைத்தியம் பிடித்து அலைந்த நேரம் அது. நாமும் டிஸ்கோ போடுவோம், ஆனால் ராகத்தில் போடுவோம் என்று கிளம்பினார் மனிதர். மூன்று ஜப்பானிய ரோலண்ட் கருவிகள், பத்து ராகங்கள். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் எச்.எம்.வி. இசைத்தட்டு வெளியானது. வாங்கத்தான் ஆள் இல்லை!

அந்த மூன்றில் டி.பி.-303 என்ற சின்னப் பெட்டிதான் கதாநாயகன். ஜக்கார்டு தறியில் அட்டையில் துளை போட்டுவிட்டால் அதே டிசைன் திரும்பத் திரும்ப விழும் இல்லையா? இதிலும் அப்படித்தான். பதினாறு இடங்களில் ஸ்வரங்களைப் பதித்துவிட்டால் நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டும் போகும். நம் சங்கீதத்துக்கு வேறென்ன வேண்டும்? தம்புரா மாதிரி அடியில் இது ஒரே இடத்தில் சுழல, மேலே ராகம் சஞ்சரிக்கிறது.

உண்மையில் இந்தப் பெட்டி, பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. விற்காமல் 1984-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடைக்குப் போனதைச் சிகாகோ இளைஞர்கள் சல்லிசாக வாங்கி, திருகுகளைத் தாறுமாறாகத் திருப்பினார்கள். 1987-ல் ஃப்யூச்சர் என்ற குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை உலகம் சுற்றியது.

2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லிக் கடை ஒன்றில் சரண்ஜித்தின் பழைய தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுபடி வெளியிட்டபோது, 1982-ல் இப்படியா என்று பலர் நம்பவே இல்லை. இங்கிலாந்துக்காரர் எவரோ செய்த குறும்பு என்றுகூடப் பேச்சு கிளம்பியது. ஓர் இந்தியர் செய்தார் என்றால் அவ்வளவு சந்தேகம்!

நம் ஆட்களோ அடுத்த கோடிக்குப் போய், 'ஆசிட் ஹவுஸே நம்ம கண்டுபிடிப்பு' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அது சரியில்லை. சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டு இசையமைத்ததாக ஒரு தடயமும் கிடையாது. பெட்டிதான் ஒன்று, அவர்கள் போன வழி வேறு, இவர் வழி வேறு. விற்காத தட்டை மறந்துவிட்டுக் கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, செய்யாததற்கு எதற்குப் பட்டம்? செய்ததே போதாதா?

எழுபது வயதைத் தாண்டியபின் ஐரோப்பிய மேடைகளிலிருந்து அழைப்பு வந்தது. போய் அதே ராகங்களை வாசித்தார். பேரன் வயசுப் பிள்ளைகள் ஆடினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

தட்டில் மால்கௌன்ஸ் என்று போட்டிருப்பது நம் ஹிந்தோளம். பூபாலி என்பது மோகனம். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.