குறுக்குநில மலைச் சைக்கிள் பந்தயம்: உடல் உழைப்பு

கரடுமுரடான காட்டுப் பாதையைப் பலமுறை சுற்றிவரும் இப்பந்தயம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே நீடித்தாலும், சைக்கிள் விளையாட்டுகளில் உடலை இவ்வளவு இடைவிடாமல் வாட்டுபவை மிகச் சில. சாலைப் பந்தயத்தில் கூட்டத்தின் நடுவே எதிர்காற்றுப் படாமல் ஒதுங்கி இளைப்பாறலாம். இங்கே அதற்கு வழி குறைவு. ஒற்றையடிப் பாதையில் முந்துவது கடினம் என்பதால், முன்னிடம் பிடிக்கத் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் பாய வேண்டும். வீரர்களின் இதயத்துடிப்பு, பந்தயம் நெடுகத் தத்தம் உச்ச அளவின் 90 சதவீதத்தை ஒட்டியே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இறக்கம் ஓய்வு என்று தோன்றும். உண்மையில் மிதிப்பது நின்றாலும், பாறைகளின் அதிர்வைத் தாங்கும் கை, தோள், முதுகுத் தசைகள் இறுகியே இருக்கின்றன. துடிப்பு அதிகம் தணிவதில்லை. மூச்சு வாங்கும் அந்த நிலையில் நொடிக்கு நொடி வழியைத் தேர்வதுதான் இதன் கொடிய சோதனை. இச்சோதனையைக் கடந்ததற்கு எடுத்துக்காட்டாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டயர் பஞ்சராகிப் பின்தங்கிய பிரிட்டன் வீரர் டாம் பிட்காக், இழந்த நேரத்தைச் சுற்றுக்குச் சுற்று மீட்டு, கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வென்றார்.