நெல்லும் பட்டமும்: விழுப்புரம் வட்டாரத்தில் பொருளியல் படிப்பின் தடம்

விழுப்புரம் மாவட்டம் பிரம்மதேசத்துக்கு அருகே உள்ள எண்ணாயிரம் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த கல்லூரியில் 340 பேர் படித்தார்கள் என்கிறது அது: தொடக்க நிலையில் 270, மேல்நிலையில் 70. வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகியவை பாடங்கள். பொருளியல் பாடமாக இல்லை. ஆனால் அந்தக் கல்வெட்டே ஒரு பொருளியல் ஆவணம். எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், ஆசிரியருக்கு நாளுக்கு எவ்வளவு நெல், மாணவருக்கு எவ்வளவு, அதற்காக விடப்பட்ட நிலம் 45 வேலி என்று எல்லாம் கணக்காகப் பதிந்திருக்கிறது. அந்த நெல்லை விளைவித்தவர்களுக்குக் கல்லூரியில் இடமில்லை.

அவர்கள் உயர்கல்விக்குள் முதலில் வந்தது மாணவர்களாக அல்ல, ஆய்வுப் பொருளாக. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆயின.

சென்னைப் பல்கலைக்கழகம் 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டரைப் பொருளியல் பேராசிரியராக அழைத்து வந்தது. அதற்கு முன் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்து 1907இல் நூல் வெளியிட்டவர். அப்படிப்பட்டவர் சென்னையில் வந்து இறங்கியதும் மில், மார்ஷல் போன்ற பொருளியலாளர்களின் கோட்பாடுகளை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறைவடையாததில் வியப்பில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். நிலம் யாரிடம், குத்தகை எவ்வளவு, கூலி நெல்லிலா காசிலா, கடன் யாரிடம், வீட்டில் என்ன சமையல் என்று கேட்டு எழுதி வரச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1918இல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாயின. புனேக்கு அருகே ஒரு கிராமத்தை ஆராய்ந்த ஹரால்ட் மான் 1917இல்தான் தம் நூலை வெளியிட்டிருந்தார். இந்தியாவில் கிராமப் பொருளியல் ஆய்வு பிறந்த காலம் அது.

ஸ்லேட்டரின் கிராமங்களில் ஒன்று அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. நிலத்தில் பெரும்பங்கு ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர். முன்பணக் கடனால் கட்டுண்ட படியாட்கள் நெல்லைக் கூலியாகப் பெற்று அந்த நிலங்களில் உழைத்தார்கள். அன்று கல்லூரி வரை எட்டியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை மறக்காமல்தான் 1916இல் மாணவர்கள் எழுதிய அந்தப் பதிவுகளைப் படிக்க வேண்டும். சேரியைப் பற்றிய செய்தி அவற்றில் உண்டு. சேரியிலிருந்து எழுதியவர் இல்லை. ஆயினும் இந்தக் குறை அந்த வேலையின் மதிப்பைக் கெடுத்துவிடவில்லை. பின்னால் வந்த ஒவ்வொருவரும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைத்தது.

ஒப்பிடத் தவறவும் இல்லை. 1936-37இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறுஆய்வு செய்து 1940இல் நூலாக்கினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் மறுஆய்வுக்கு வந்தார். 1981இல் எஸ். குஹனும் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். குஹன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த மறுஆய்வு மரபை அக்கறையோடு முன்னெடுத்தவர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே ஊரை மீண்டும் ஆராய்ந்தார்கள். ஒரே ஊர், ஐந்து முறை, 92 ஆண்டுகள். உலகிலேயே இவ்வளவு நீண்ட தொடர்ச்சியுள்ள கிராம ஆய்வுகள் மிகச் சிலவே.

மூவரின் முடிவுகள் முக்கியமானவை. 2008இல் ஊர் மக்களின் முதன்மை வேலையாக விவசாயம் இல்லை. பெருநிலக்கிழாரின் செல்வாக்கு வெகுவாகத் தளர்ந்துவிட்டது. கல்வி, நலத்திட்டங்கள், விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலைகள் ஆகியவை பட்டியல் சாதியினரின் வாழ்வை மேம்படுத்தியிருக்கின்றன. படியாள் முறை போய்விட்டது. சாதி அரசியல் போகவில்லை.

பொருளியல் படிக்கும் இடமும் இதற்குள் நகர்ந்தது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தபோது தென்னார்க்காட்டுப் பிள்ளைகள் பட்டத்துக்காகச் சென்னை போகும் கட்டாயம் குறைந்தது. 1960களின் இறுதியில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் வந்தன. கூலி வேலை செய்யும் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தொலைவில் கல்லூரி கிடைத்தது. ஸ்லேட்டரின் கேள்விப் பட்டியலுக்குப் பதில் சொன்னவர்களின் வழிவந்தவர்கள், கேள்வி கேட்கும் பக்கம் உட்கார முடிந்தது. இந்த வரலாற்றின் ஆகப் பெரிய திருப்பமாக இதையே கொள்ள வேண்டும். பாடத்திட்ட மாற்றங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பாடத்திட்டமோ கிராமத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. நுண்பொருளியல், பேரியல் பொருளியல், கணிதம், புள்ளியியல், பொருளாதார அளவையியல் ஆகியவற்றில் தேர்ச்சி இல்லாமல் இன்று எம்.ஏ. இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் களப்பணி இறுதிப் பருவத்தின் ஆய்வேட்டுக்குள் சுருங்கிப்போனது பெரிய இழப்பு. இருவேல்பட்டின் தரவுகளை வைத்தே கூலி, கடன், நில உடைமை ஆகிய மூன்று தாள்களை நடத்தலாம்.

அடுத்த ஆய்வை எடுப்பவருக்குப் பழைய கேள்விப் பட்டியல் போதாது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் தொடங்கியபோதே முதல் கட்டத்தில் இடம்பெற்ற மாவட்டம் விழுப்புரம். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். குடும்ப வருமானத்தில் இந்த அரிசிக்கு என்ன மதிப்புப் போடுவது, சென்னையில் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை திரும்புபவரை ஊரில் இருப்பவராகக் கணக்கில் எடுப்பதா, மகளிர் குழுக் கடனையும் நுண்கடன் தவணையையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதையெல்லாம் தீர்மானித்த பிறகே அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்ட முடியும்.