அம்பாசடர் ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது?

ட்ரம் பிரேக்கைத் திட்டாத அம்பாசடர்காரர் இங்கே கொல்கத்தாவில் கிடையாது. மழையில் பிடிக்காது, ஒரு பக்கம் இழுக்கும், மலை இறக்கத்தில் கைவிட்டுவிடும். ஆனால் பாருங்கள், இந்த வியாதிகள் எல்லாமே ஒரு காலத்தில் வேறு வியாதிக்கு மருந்தாக வந்தவை. எங்கள் கணக்குப் புத்தகம் மாதிரி, ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று எழுதியாகணும்!

ஆரம்பகாலக் கார்களில் பிரேக் என்றால் ட்ரம்முக்கு வெளியே சுற்றிய பட்டைதான். சேறு பட்டால் வழுக்கும். மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் பிடி தளரும். 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ, ஷூக்களை ட்ரம்முக்கு உள்ளே வைத்தார். சேறு போச்சு. ஆனால் சூடு வெளியே போக வழியில்லை. டார்ஜிலிங் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ட்ரம் சூட்டில் விரியும், ஷூ அதைத் துரத்திக்கொண்டு போகணும், பெடல் கீழே இறங்கும். கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். மழைத் தண்ணீரும் அப்படியே. உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வராது. மெதுவாக ஓட்டியபடி லேசாக மிதித்தால் காயும்.

அடுத்தது இழுக்கும் சமாசாரம். சக்கரம் சுற்றும் திசையிலேயே விரியும் ஷூவை ட்ரம் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் பலம் மிச்சம். அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் முன்சக்கரத்து ஷூ இரண்டுமே இந்த ரகம். பற்றுப் பக்கம் என்னவென்றால், உராய்வு கொஞ்சம் மாறினாலும் பலம் ஏகத்துக்கும் மாறும். எங்கள் கிளை நண்பர் ஒருவரின் வண்டி வலப்பக்கம் இழுத்தது. மெக்கானிக் மூன்று தடவை வலது ட்ரம்மையே கழற்றி மாட்டினார். கடைசியில் பார்த்தால் இடது வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் எல்லாம் ஆயில்! வலது ஒழுங்காகத்தான் பிடித்தது, இடதுதான் பிடிக்கவில்லை. இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை முதலில் பாருங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம் போகவேண்டும் என்று ஆயில் பிரேக்கைக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். (விமானக் கம்பெனி லாக்ஹீட்டின் ஆலனுக்கு அண்ணன்.) 1921-ல் டூசன்பர்க் மாடல் ஏ காரில் அது வந்தது. கம்பி, கடைசல் தொல்லை ஒழிந்தது. ஆனால் ஒரே குழாய்ச் சுற்று. பழைய அம்பாசடரிலும் அப்படித்தான். ஒரு சிலிண்டர் ஒழுகினால் நான்கும் காலி. அதனால் பெடல் சொல்வதைக் கேளுங்கள். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. இரண்டு மூன்று தடவை மிதித்தால் மேலே வருகிறதா, ஷூ தேய்ந்திருக்கும், அட்ஜஸ்ட் பண்ணணும். மிதித்த காலை எடுக்காமலே மெல்ல இறங்கினால், எங்காவது கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போச்சு. அன்றைக்கு குடும்பத்தோடு எங்கும் கிளம்பாதீர்கள்.

உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. நம்மூர் பாடியில் 1962-ல் டி.வி.எஸ்.காரர்களும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா பெயரைப் பார்த்தால் மட்டும் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

ட்ரம்மைக் கழற்றும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.