ஒரு சொல்லை எங்கே வெட்டுறது?

கொட்டிவாக்கத்திலிருந்து பேசறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு மீட்டிங்ல ‘ஃபோட்டோகிராஃபர்’னு சொன்னேன், ‘ஃபோ’வை அழுத்தி. ரெண்டு பேர் சிரிச்சாங்க. அன்னைக்கு முழுக்க நான் வாயே திறக்கலை.

நான் பண்ணது என்ன? ஃபோட்டோ, கிராஃப், அர்னு பொருளை வெச்சுப் பிரிச்சேன். பொருள் கணக்குல அது சரிதான். ஆனா ஆங்கிலம் பேசுறவங்க வாயில அது ‘ஃப-டாக்-ர-ஃபர்’னு உடையுது. அழுத்தம் ‘டாக்’ மேல. ‘கிராஃப்’ல இருக்கிற ‘க்’ முந்தின அசையோட ஒட்டிக்குது. ‘ஃபோட்டோகிராஃப்’னா முதல் அசையில அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபிக்’னா மூணாவதுல.

இப்படி ஒரே சொல்லை ரெண்டு விதமா வெட்டுறது நம்ம இலக்கணத்துக்குப் புதுசில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு சொல்லுக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம்னு ஆறு உறுப்பு சொல்லுது. ‘நடந்தனன்’னா நட + த்(ந்) + த் + அன் + அன். அதையே யாப்புக்காக அலகிட்டா ‘நடந்-தனன்’, நிரை நிரை. ‘நட’ங்கிற பகுதி முடியுற இடம் வேற, அசை முடியுற இடம் வேற.

பொருளை வெச்சு வெட்டுற அந்த முறைதான் சென்னையில ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொல்லுச்சு. கம்பெனி அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகள் சொல்லித்தர 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கினாங்க. அதுக்கு முக்கியக் காரணம் சென்னை கலெக்டர் எல்லிஸ். தெலுங்கு மாதிரி மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததுன்னு அப்போ ஐரோப்பிய அறிஞர்கள் பலர் எழுதிட்டிருந்தாங்க. கடன் வாங்கின சொற்கள் அவ்வளவு இருந்ததால அப்படித் தோணியிருக்கு. எல்லிஸ் முழுச்சொல்லைப் பார்க்காம, வேர்களை மட்டும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். தெலுங்கு வேர்கள் சமஸ்கிருத வேர்களோட ஒத்துப்போகலை. தமிழ், கன்னட வேர்களோட ஒத்துப்போச்சு. இது தனிக் குடும்பம்னு, கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலோட முன்னுரைக்கு 1816-ல் ஒரு குறிப்பா எழுதினார். கால்டுவெல்லோட ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். அதாவது, 40 வருஷம் கழிச்சு.

அந்த மீட்டிங்கை இப்போ நினைச்சா எனக்குக் கோபம் வரலை. அந்தச் சொல்லோட பொருள் எனக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, படிச்சது மட்டும்தான். உங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒருத்தர் அப்படி உச்சரிச்சா சிரிக்காதீங்க. எந்த அசையை அழுத்தணும்னு தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, போதும்.

அடுத்த எபிசோட்ல பேசுவோம்.