ஒரு படம், இரண்டு வரிசை

ஒளிப்படம் ஒன்றை எங்கே வைப்பது என்பது எளிய கேள்வியாகத் தோன்றும். பிரதி ஒன்றே என்றால் இடமும் ஒன்றே. பருத்தி வயலில் மூட்டை சுமக்கும் சிறுமியின் படத்தை ‘உழைப்பு’ என்ற உறையில் இட்டுவிட்டால், ‘குழந்தைகள்’ என்ற உறையைத் திறப்பவர் அவளைக் காணப்போவதில்லை. இன்று கணினியில் நமக்கென வகைகளை உருவாக்கிப் படங்களை அடுக்கும்போது எழும் இதே சிக்கலை, 1940களில் காகிதத்தைக் கொண்டே எதிர்கொண்டவர் பால் வாண்டர்பில்ட்.

அவர் கைக்கு வந்தது சாதாரணக் குவியல் அன்று. பெருமந்தக் காலத்தில் அமெரிக்கக் கிராமப்புறத்தின் வறுமையைப் பதிவு செய்ய, 1935இல் அரசின் ஒளிப்படப் பிரிவு ஒன்று ராய் ஸ்ட்ரைக்கரின் தலைமையில் தொடங்கியது. 1937 முதல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கீழ் அது இயங்கியது. வாக்கர் எவான்ஸ், டொரோதியா லாங், ரஸ்ஸல் லீ, பின்னாளில் கார்டன் பார்க்ஸ் எனப் பலர் இதற்காக நாடெங்கும் அலைந்தனர். வேண்டாமென்று கருதிய நெகட்டிவ்களில் ஸ்ட்ரைக்கர் துளையிட்டு ஒதுக்கினார். எதை வைத்துக்கொள்வது என்பதே முதல் வகைபிரிப்பு என்பதற்கு அந்தத் துளைகள் சாட்சி. 1942இல் பிரிவு போர்த் தகவல் அலுவலகத்துக்கு மாறியது. 1944இல் தொகுப்பு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தது. இன்று அதில் ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் 1,07,000 அச்சுப் பிரதிகளும் உள்ளன.

1942இல் ஒழுங்கமைக்கும் பொறுப்பை ஏற்ற வாண்டர்பில்ட் இரண்டு வரிசைகளை வகுத்தார். ஒரே கலைஞர் ஒரே பணிக்காக ஓர் ஊரில் எடுத்தவற்றை ஒரு தொகுதியாகத் திரட்டி, அந்த நிலையிலேயே நுண்படச் சுருளில் பதிவு செய்தார். அதன் பிறகே அதே பிரதிகளைக் கலைத்து, நாட்டை ஆறு நிலப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நிலம், நகரம், மனிதர், வீடு, போக்குவரத்து, உழைப்பு என்று பொருள்வாரியாக அடுக்கினார். படம் பிறந்த சூழல் சுருளில் நிலைத்தது. தேடுபவரின் தேவை அலமாரியில் நிறைவேறியது.

2007இல் வெளிவந்த அடோபி லைட்ரூம் இதே பிரிவினையைத் திரையில் செய்கிறது. படக்கோப்பு வட்டில் ஒரு கோப்புறையில் மட்டுமே இருக்கும். ‘கலெக்‌ஷன்’ என்று நாம் உண்டாக்கும் வகைகளில் இருப்பது அதைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. ஆகவே ஒரு படம் பத்து வகைகளில் தோன்றலாம். ஒரு வகையை அழித்தாலும் படம் அழிவதில்லை. காகிதத்தில் இரண்டு வரிசைக்கே பெரும் உழைப்பு தேவைப்பட்டது. இங்கே எண்ணிக்கைக்கு எல்லை இல்லை.

ஆனால் எல்லையின்மையால் தீராத குறை ஒன்று உண்டு. 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் லாங் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ இத்தொகுப்பின் ஆகப் புகழ்பெற்ற படம். பட்டாணி பறிக்கும் ஏழைத் தொழிலாளி, ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்றே குறிப்பு சொன்னது. லாங் பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பதும், செரோக்கி பழங்குடி மரபினர் என்பதும் 1978க்குப் பிறகே பொதுவெளிக்கு வந்தன. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வறுமையைத் தேடினார்கள், வறுமையைக் கண்டார்கள். பழங்குடிப் பெண் ஒருவரைத் தேடியவருக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. எழுதப்படாத குறிப்பை எந்த அலமாரியும் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

வகை என்பது தேடலுக்கான வசதி மட்டுமன்று, இந்தப் படம் எதைப் பற்றியது என்ற தீர்ப்பும்கூட. தீர்ப்புகள் திருத்தப்பட வேண்டிவரும். அப்போது திரும்பிச் செல்ல ஓர் இடம் வேண்டும் என்பதால்தான், கலைப்பதற்கு முன் வாண்டர்பில்ட் முதல் வரிசையைப் பதிந்து வைத்த செயலை நான் பெரிதாக மதிக்கிறேன். விரும்பியபடி வகைகளைப் படைக்கும் உரிமை இன்று எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது. எடுத்தவர், இடம், நாள், பெயர் ஆகியவற்றை முதலில் எழுதிவைக்கும் பொறுமை அதனோடு தானாக வந்துவிடுவதில்லை.