ஐயாவோட ஜீப் வில்லிஸா, ஃபோர்டா?

காரைக்குடி நண்பர் வீட்டுக் கொட்டகையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்று நிற்கிறது. "எங்க ஐயா டிஸ்போசல்ல எடுத்தது, ஒரிஜினல் வில்லிஸ்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். போர் முடிந்ததும் மிஞ்சிய ராணுவ வண்டிகள் டிஸ்போசல் விற்பனையில் தனியாருக்குப் போன காலம் அது. போன மாதம் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

மேஸ்திரி அடியில் படுத்துப் பார்த்தார். "ஷாக்கிள் புஷ்ஷெல்லாம் போச்சு சார். சேஸ்ல அது உக்கார்ற ஹேங்கர் ஓட்டையும் முட்டை மாதிரி ஆயிருச்சு. முன்பக்கத்தை வெட்டிட்டு வேற சேஸ் துண்டை வச்சு வெல்டு அடிச்சிரலாம்."

இந்த ஜீப்பில் ஸ்பிரிங் பட்டையின் ஒரு நுனியைச் சேஸோடு இணைப்பது யூ வடிவ ஷாக்கிள். அதன் இரண்டு முனையிலும் மரை உண்டு. மரை வெட்டிய புஷ்ஷுக்குள் திருகி நிற்கும். வண்டி குலுங்கும்போது அந்த மரையிலேயே அசையும். கிரீஸ் வற்றினால் மரை தேயும், பிறகு புஷ் ஆடி ஆடி ஹேங்கர் ஓட்டையைத் தின்னும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அச்சு கோணிக்கொள்ளும். சில ஷாக்கிள்களில் ஒரு முனை இடது மரை. அதற்கான புஷ் தலையைச் சுற்றி ஒரு கோடு வெட்டியிருக்கும். தெரியாமல் முறுக்கினால் இருக்கிற மரையும் போய்விடும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கம்பித் தூரிகை கேட்டு வாங்கினேன். காரணம் இருந்தது. போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு கம்பெனிகள் ஜீப் செய்தன. வில்லிஸ் சுமார் 3,60,000, ஃபோர்டு சுமார் 2,80,000. ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்குப் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் விதி. ஆனாலும் சேஸின் முன் குறுக்குச் சட்டம் காட்டிக்கொடுத்துவிடும். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்துப் போட்ட 'ப'.

சுரண்டினோம். கவிழ்த்த 'ப'தான். சில போல்ட் தலைகளில் ஃபோர்டின் எஃப் எழுத்து. இடது சேஸின் மேல்புறம், பெயின்ட் அடுக்குகளுக்கு அடியில், அடித்த எண்ணும் மங்கலாகத் தெரிந்தது. ஃபோர்டு எண்ணை அங்கேதான் அடிக்கும். வில்லிஸ் தனித் தகட்டில் பொறித்துச் சேஸின் உள்பக்கம் வைக்கும்.

நண்பர் முகம் வாடிவிட்டது. "அப்ப ஐயா பொய்யா சொன்னாக?"

பொய்யில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மஹிந்திரா இங்கே பூட்டி விற்றது வில்லிஸ் ஜீப்புகளைத்தான். அதனால் எல்லா ஜீப்பும் ஊர் வாயில் வில்லிஸ் ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஐயா கேட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்கு உறைத்தது வேறு. இந்த வண்டியில் இன்ஜின் மாறியிருக்கிறது, பாடி மாறியிருக்கிறது. பிறந்த இடத்துக்கு மிச்சமிருந்த சாட்சி, வெட்டலாம் என்று சொன்ன அந்த முன்பக்கம்தான். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் கிடக்கின்றன. தூண் இருக்கிறது, எந்த வீட்டுத் தூண் என்பது போய்விட்டது. அதே கதை இங்கேயும் நடந்திருக்கும்.

கடைசியில் மேஸ்திரி ஒத்துக்கொண்டார். ரிவெட் தலையைத் தேய்த்து, துளை போட்டு, ஹேங்கரை மட்டும் கழற்றினார். கோணிய ஓட்டையை வெல்டிங்கில் நிரப்பி லேத்தில் புதிதாகக் குடைந்தார்கள். மாட்டும் முன்னும் பின்னும் சேஸைக் குறுக்குக் கோணத்தில் இரண்டு பக்கமும் அளந்து சரிபார்த்தோம். "காய்ச்சி ரிவெட் அடிக்க இப்ப ஆளு இல்ல சார்" என்றதால் அந்த இடத்தில் ஹைடென்சைல் போல்ட். எது பழசு, எது புதுசு என்று எழுதிப் படமெடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறோம்.

வண்டி இப்போது நேராகப் போகிறது. நண்பர் இன்னும் வில்லிஸ் என்றுதான் சொல்கிறார். ஆனால் "சேஸ் மட்டும் ஃபோர்டு" என்று சேர்த்துக்கொள்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், வெல்டரைக் கூப்பிடும் முன் கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டு ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள்.